அம்மா வேலைக்குத் திரும்புவது தொடர்பாக

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம்; அந்தச் சொல்லை இப்போதெல்லாம் இரண்டு தடவை யோசித்த பிறகே எழுதுகிறேன். எதையாவது விட்டுவிடுவேன் என்ற பயத்தில் முதலிலேயே வரிசை போட்டுக்கொள்கிறேன்:

1. அம்மாவின் உடம்பு.
2. டாக்டர் சொன்னது, எனக்குப் புரிந்தவரை.
3. அம்மா இனி டிரைவிங் ஸ்கூலில் வண்டி பழக்கப் போகக்கூடாது என்பதும், அதை நீதான் அவளிடம் சொல்ல வேண்டும் என்பதும்.

அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து ஐந்து மாதம் ஆகிறது. மாத்திரை தவறுவதில்லை. தினமும் காலையில் நாற்பது நிமிடம் நடக்கிறாள், நான் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பத்தடி பின்னால் போகிறேன், இதுவரை அதில் நான் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உள்சுவர் தானாகக் கிழிந்து, ரத்தம் சுவருக்குள் புகுந்து வழியை அடைத்துவிட்டதாம். கொழுப்பு காரணமில்லை, அவள் செய்த தப்பும் எதுவுமில்லை, பெரும்பாலும் தானே ஆறிவிடும், இவளுக்கும் ஆறிவிட்டது என்கிறார் டாக்டர். நான் முப்பத்தைந்து வருடம் குடிநீர்க் குழாய்களைப் பார்த்தவன், தானாக ஒட்டிக்கொண்ட ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. இரண்டு முறை கேட்டேன், மூன்றாவது முறை கேட்கக் கூச்சமாக இருந்தது. மூச்சைப் பிடித்துக் கனம் தூக்கக்கூடாது, மறுபடி வலித்தால் உடனே வர வேண்டும், மற்றபடி தாராளமாக வேலைக்குப் போகலாம் என்றார். திரும்ப வருமா என்றேன். சிலருக்கு வரும் என்றார். அது மட்டும்தான் என் காதில் நின்றது. ஆகவே மூன்றாவது. வண்டி பழக வருகிறவர்களை உனக்குத் தெரியும், அம்மா காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது என்ற தைரியத்தில் ஓட்டுகிறவர்கள். நான் சொன்னால், "நீங்க சும்மா இருங்க" என்பாள். நீ சொன்னால் கேட்பாள்.

இதுவரை திங்களன்று எழுதியது. இன்று வியாழன். நேற்று அம்மா வேலைக்குப் போய்விட்டாள், நானும் கூடப் போனேன். நாடி பார்க்கும் கருவியை அவள் விரலில் மாட்டிவிட்டு, ஐந்து மாதமாக அவள் உடம்பைப் பற்றித் தினமும் குறித்துவரும் நோட்டுடன் பின்சீட்டில் உட்கார்ந்தேன். ஓட்டியவர் ஒரு பல் டாக்டர். குப்பை லாரி எதிரே வந்தபோது பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தார். அம்மா தன் பக்கத்துப் பிரேக்கை அழுத்தி, "டாக்டரே, பல்லு புடுங்குற அவசரம் இங்க வேணாம்" என்றாள். கருவியில் எண்பத்து நான்கு. அவள் மாத்திரை நாடியைக் குறைத்துக் காட்டும் என்பதையும் பக்கத்தில் குறித்தேன். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்து, கருவியைக் கழற்றி என் விரலில் மாட்டினாள். நூற்று முப்பத்தொன்று. "ஏங்க, இதையும் எழுதிக்குங்க" என்றாள். பிறகு, "டாக்டரே, ஓரமா நிறுத்துங்க, பேஷன்ட் இறங்கணும்" என்றாள். என்னைப் பஸ் நிறுத்தத்தில் தண்ணீர் பாட்டிலோடு இறக்கிவிட்டார்கள். வண்டி கிளம்பும்போது அவள் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. ஐந்து மாத நோட்டில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று வீட்டுக்கு வந்து தேடினேன். இல்லை.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு. நெஞ்சிலோ தாடையிலோ கையிலோ புதிதாக வலி வந்தால் வாயு என்று உட்கார்ந்துவிடாதே, அம்மா அப்படித்தான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியாக, வரிசையில் மூன்றாவதாக நான் எழுதியது தவறு. அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். இனிமேல் பின்சீட்டில் ஏறக்கூடாது என்று எனக்குத்தான் நீ எழுத வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா