கடைசி நாடாவின் பின்பக்கம்

பூஞ்சணம் பிடித்த கசெற் நாடாவுக்கு ஒரு வாசனை உண்டு. ஈரச் சாக்கும் வினாகிரியும் கலந்தது போல. வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று நேற்றுக் காலை அலுமாரியை ஒதுக்கினோம். அதன் மேல்தட்டில் இருந்த பிஸ்கட் தகரத்தை இறக்கி மூடியைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. எழுந்துபோய் யன்னலைச் சாத்திவிட்டுத்தான் உள்ளே பார்த்தேன். கண்டியில் இப்போது யாரும் வீடு புகுந்து தேடுவதில்லை. தெரிந்தும் சாத்தினேன்.

நான்கு கசெற்றுகள். மூன்றின் மேல் எழுதியிருந்தது ஊறிப் போயிருந்தது. நான்காவதில் உன் கோணல் எழுத்து அப்படியே இருந்தது: "புது வழி. கேட்டுட்டு பின்பக்கம் பேசவும்."

நாம் மூன்று பேர். நீ டிரம்ஸ், நான் கிற்றாரும் பாட்டும், ரொஷான் பேஸ். நான்கு வருடம் மெட்டல் இசை என்று ஆங்கிலத்தில் கல்லறையையும் பிசாசையும் பற்றிக் கத்தினோம். பிசாசை நாம் பார்த்ததில்லை. யுத்த காலம்; சோதனைச் சாவடி வரிசையைத்தான் தினமும் பார்த்தோம். ஒருநாள், பேராதனை வீதியில் நீ வேலை செய்த றேடியோத் திருத்தும் கடையின் பின்னறையில், கலஹாவில் உங்கள் தேயிலைத் தோட்டத்துத் தப்பு மேளத்தின் அடியை டிரம்ஸில் மெதுவாக அடித்துக் காட்டினாய். நான் அதன்மேல் கிற்றாரை இறக்கினேன். அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கிறவனைப் பற்றித் தமிழில் ஒரு பாட்டு வந்தது. பிறகு கசெற்றில் அதுதான் மூன்றாவது பாட்டு.

ரொஷான் தன் பேஸ் கிற்றாரை உறையில் போட்டான். "இப்பவா மச்சான்? இந்த நாட்கள்லயா தமிழ்ல கத்தப்போறது? உங்களுக்குப் பைத்தியமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவன் சொன்னது சரி. சரியாகச் சொன்னதற்காகவே அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நம்மை ஆங்கிலத்தில் கேட்டவர்கள் இதைக் கேட்பார்களா என்று உனக்குச் சந்தேகம். "ஆளுங்கள கேப்போம்டா. பன்னெண்டு கசெட் போடுவோம். முன்பக்கம் நம்ம பாட்டு, பின்பக்கம் வெறும் நாடா. கேட்டுட்டு அவங்க பேசி அனுப்பட்டும்" என்றாய். நல்ல யோசனை. அதைக் கெடுத்தவன் நான். படித்தவன் அல்லவா! பெயரும் ஊரும் சொல்லித் தொடங்கவேண்டும் என்று, கசெற்றோடு வைக்க ஒரு காகிதத் துண்டில் அச்சடித்து, கடை முகவரியையும் போட்டேன்.

"பேரு எதுக்குடா?" என்று கேட்டாய்.

"பெயரில்லாத அபிப்பிராயத்துக்கு என்ன மதிப்பு?" என்றேன்.

நீ தோளைக் குலுக்கினாய். உன் அபிப்பிராயத்தைக் கேட்டபோது, "எல்லாரும் சொல்லட்டும். நான் கடைசியா சொல்றேன்" என்றாய்.

நான்கு திரும்பி வந்தன. அப்பா அரச உத்தியோகத்தர், அவர் வீட்டைச் சோதிக்கமாட்டார்கள் என்று நம்பி அவற்றைக் கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டில்தான் வைத்தோம். உன் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். நாவலப்பிட்டித் தையற்காரர், பெயரையும் தகப்பன் பெயரையும் கடை இருந்த இடத்தையும் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார். "தம்பிமாரே, சத்தம் நல்லா இருக்குங்க. வார்த்தைதான் ஒண்ணும் வெளங்கல. யாரு செத்துப்போனதுன்னு மட்டும் சொல்லிருங்க." நீ கதிரையிலிருந்து வழுக்கி விழுமளவுக்குச் சிரித்தாய். நகரத்து ஃபேன்ஸிக் கடை முஸ்லிம் நானா, "எங்கட கடையில விக்கோணும் எண்டா பழைய மாதிரி இங்கிலீசுல அடிங்க. இத கேக்கக்க நெஞ்சு பதறுது" என்றார். பேராதனை வளாகத்து மாணவன் ஒருவன், இது மெட்டலே இல்லை என்று கால் மணி நேரம் விரிவுரை நடத்தியிருந்தான். அவன்மேல் எனக்கு இன்னும் கோபம். தெல்தோட்டை ரீச்சரின் குரல் மட்டும் மிகவும் தணிந்திருந்தது. "மூணாவது பாட்ட சத்தமா வைக்க பயமா இருக்குங்க. மெதுவா வச்சு கேட்டேன். மெதுவா கேட்டா அழுக வருது."

அதைக் கேட்டதும் நீ முன்னுக்குக் குனிந்தாய். நாடா ஓடி முடியும்வரை அப்படியே இருந்தாய்.

அடுத்த வாரம், வேறொரு மாணவன் நம் கசெற்றோடு பஸ்ஸில் போகும்போது இறக்கப்பட்டான். பொலிஸார் அதைப் போட்டுக் கேட்டார்களாம். ஒரு தமிழன் தொண்டை கிழியக் கத்துகிறான், பின்னால் இடி போல அடி. என்னவென்று நினைத்திருப்பார்கள்? துண்டில் கடை முகவரி இருந்தது.

செய்தியைக் கொண்டுவந்தவன் ரொஷான். மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே கேற்றில் நின்று, "கசெட் எல்லாம் அழி. இப்பவே அழி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நாடாவை அழிக்கும் விதத்தை நீதான் கற்றுத் தந்தாய். எங்கள் றேடியோ-கசெற் செற்றில் பதிவுப் பொத்தானை அமுக்கினால் அதன் வயிற்றிலுள்ள மைக், அறையில் கேட்கிற எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். நாடா வெறுமையாக வேண்டுமென்றால் மைக் ஓட்டையில் கம்பியில்லாத பிளக் ஒன்றைச் செருகி உள் மைக்கை நிறுத்தவேண்டும். செருகினேன். முதலில் பாட்டுகளைத்தான் அழித்தேன். நான்கு கசெற், நான்கு முன்பக்கம். பத்து மணிக்குத் தொடங்கியது மதியம் தாண்டிற்று. பிறகு பின்பக்கங்கள். செற் முன்யன்னலுக்குக் கீழே கதிரையில் இருந்தது. கடைசிக் கசெற்றைத் திருப்பிப் போட்டபோது என் கை பிளக்கைத் தட்டிக் கழற்றிவிட்டிருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

அப்போதுதான் நீ கதவைத் தட்டினாய்.

அப்பா அறை வாசலில் நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு இருவரும் குசினிக்குப் போய் அம்மாவோடு நின்றோம். அடுப்பில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. மழை வந்தது. அதற்கு மேல் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை. நாடா ஓடி முடிந்து நின்றிருந்தது.

அன்று பின்னேரம் கலஹா பஸ்ஸுக்காக நின்ற இடத்தில் உன்னை ஜீப்பில் ஏற்றினார்கள். அதன்பிறகு உன்னைக் கண்டவர் இல்லை.

மூன்று கிழமை கழித்து உன் அம்மா வந்தார். நனைந்த குடையை வாசலிலேயே வைத்துவிட்டு, "ஒங்க வீட்டுக்குப் போறேன்னு கடையில சொன்னானாமுங்க. வந்தானுங்களா?" என்று கேட்டார். "இல்லையம்மா, இஞ்ச வரேல்லை" என்றார் அப்பா. உன் அம்மா அப்பாவைத் தாண்டி என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணீர் கொண்டுவரப் போனேன். அப்பா செத்து ஒன்பது வருடம். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரோடு கடைசிவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. சொல்லாமல் நின்றவன் நான் என்பதை அவர் ஒருநாளும் சுட்டிக்காட்டவில்லை.

நீ ஒளிய இடம் கேட்டு வந்தாய் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். யாராவது கதவைத் தட்டினால் இப்போதும் மூன்றாம் தட்டுக்குப் பிறகுதான் எழுவேன். மனைவி ஏசுவாள். காரணம் சொன்னதில்லை.

அழித்த நாடாவின் நுனியில் சிலவேளை ஒரு நொடிப் பாட்டு மிஞ்சியிருக்கும். அந்த ஆசையில்தான் நேற்று பழைய செற்றைத் துடைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு போட்டேன். முன்பக்கங்களில் இரைச்சல் மட்டும். கடைசி நாடாவின் பின்பக்கத்தைப் போட்டேன். அதில் எங்கள் கூடம் இருந்தது. மணிக்கூடு. என் மூச்சு. மூன்று தட்டு. "மச்சான்." அது நீ. அப்பா, அடித்தொண்டையில்: "திறவாதை." பிறகு சம்மதமாக ஒரு சொல், "ஓம்." அது நான்.

செருப்புச் சத்தம் உள்ளே போகிறது. மழை. பிறகு யன்னலோடு வாய் வைத்தது போல நீ:

"மச்சான், நீ உள்ளதான் இருக்கன்னு தெரியும். தொறக்க வேணாம், ஐயா பயப்படுவாரு. நான் தங்க வரல. அந்த பின்பக்கத்த மட்டும் அழிச்சிரு. தையக்காரரு பேரு, அந்த டீச்சர் பேரு எல்லாம் அதுல கெடக்கு." ஒரு இருமல். "முன்பக்கத்த அழிக்காத. கடைசியா சொல்றேன்னு சொன்னேன்ல? மூணாவது பாட்டு நல்லா வந்திருக்குடா. நீ கத்துறத மட்டும் கொஞ்சம் கொற." சிரிக்கிறாய். படியில் தண்ணீர் தெறிக்கும் சத்தம். அவ்வளவுதான்.

கசெற் வாங்கிய பன்னிரண்டு பேரின் பெயரும் உனக்கு மனப்பாடம். உன்னைக் கொண்டுபோன பிறகும், முதலில் பிடிபட்ட மாணவனைத் தவிர ஒருவர் வீட்டுக் கதவையும் பொலிஸார் தட்டவில்லை. எங்கள் வீட்டுக் கதவையும்.

அந்தப் பாட்டு இப்போது எங்கும் இல்லை. மற்றப் பிரதிகளை வைத்திருந்தவர்கள் பயத்தில் எரித்துவிட்டார்கள். வரிகள்கூட எனக்கு முழுதாக ஞாபகமில்லை. நல்லா வந்திருக்குடா என்ற உன் அபிப்பிராயம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கசெற்றின் விளிம்பில் சின்னப் பிளாஸ்டிக் காது ஒன்று இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தின்மேல் வேறு எதையும் பதிய முடியாது. அதுவும் நீ சொல்லித் தந்ததுதான். இன்று காலை திருப்புளியை எடுத்து, உன் குரல் இருக்கும் பக்கத்தின் காதை நெம்பினேன். டக்கென்று உடைந்தது. அந்தச் சத்தத்துக்கே திடுக்கிட்டு, கசெற்றை மடியில் மறைத்துக்கொண்டு கதவைப் பார்த்தேன்.