விமானத்துக்கு ஒரு கையெழுத்து

ஏட்டி குளோரி,

ஒரே மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்குக் கடிதம் எழுதுகிறேன். நேரில் வந்தால் உன் வீட்டுக்காரர் இருப்பார்.

கடலில் காணாமல் போகிறவர்களைத் தேட, கடற்படை புதிய விமானங்கள் வாங்கி ஒன்றை நம் கரையில் நிறுத்த வேண்டும் என்ற மனுவை நான் கோயில் பங்குக் கூட்டத்தில் எதிர்த்தேன். ஒரு விமானத்தின் விலைக்கு எல்லாப் படகுக்கும் சாட்டிலைட் போன் வாங்கலாம், எண்ணெய் குறைந்தால் விமானம் திரும்பிவிடும், போன் கூடவே இருக்கும் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். நீ மட்டும் கோயில் வாசலில் கேட்டாய், "நீயா ஏட்டி இப்பிடி பேசுக?"

நான் சொன்ன கணக்கு சரிதான்.

ஆனால் நம் இரண்டு வீட்டு ஆட்களும் கடலில் சிக்கிய அந்தப் புயலில், தேட வந்த விமானம் கண்டது உன் வீட்டுக்காரர் போன படகை. எங்கள் வீட்டுக்காரர் போன படகைத் தேடுமுன் இருட்டிவிட்டது. தினமும் விடியற்காலையில் உன் வீட்டுக்காரர் இருமுவது இங்கே கேட்கிறது. "கொஞ்சம் மெல்ல இருமினா என்ன?" என்று நீ ஏசுவாய். ஏசுவதற்கு உனக்கு ஆள் இருக்கிறது.

நீ வைத்துவிட்டுப் போன மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனியாவது இரண்டு படகையும் காணட்டும். வாங்கிப்போக உன் மகளை அனுப்பு.

அவரை அனுப்பாதே.

பக்கத்து வீட்டுக்காரி