கவிழ்ந்து நிற்கும் மீன்

இன்றும் பள்ளி ஆய்வக அலமாரியைத் திறந்தேன். ஃபார்மலின் நெடி. கண்ணில் நீர். உனக்காக அல்ல என்று சொல்லிக்கொண்டேன்.

உன் மீன் அப்படியே இருக்கிறது. விரல் நீளம். தகடு போல உடம்பு. சீசாவுக்குள் கண்ணாடித் துண்டில் தலைகீழாகக் கட்டியிருக்கிறாய். தூத்துக்குடிக் கரையில், வலையிலிருந்து வேண்டாமென்று எறிந்ததைப் பொறுக்கி வந்தாய். பவளப்பாறை இடுக்கில் தலைகீழாகவே நிற்கும், அப்படியே நீந்தும் இனம். கடல்குதிரைக்கு உறவு, அதே குழாய் வாய், அதே எலும்புக் கவசம். பின்னால் நீட்டிக்கொண்டிருப்பது வாலல்ல, முதுகு முள். நிஜ வால் வயிற்றுப் பக்கம் ஒதுங்கிக் கிடக்கிறது. இதையெல்லாம் நாம் சேர்ந்து தங்கியிருந்த அறையில், நான் கவிதை எழுத உட்காரும் நேரம் பார்த்துத்தான் சொல்வாய்.

பள்ளி ஆயாவுக்குத்தான் பொறுக்கவில்லை. கூட்ட வரும்போதெல்லாம் சீசாவைக் கவிழ்த்து மூடிமேல் நிறுத்திவிடுவாள். மீன் நிமிரும். மருந்து ஒழுகும்.

"செத்தும் தலகீழாவா தொங்கணும் டீச்சர்? பாவம்லா!"

நீ திருப்பி வைப்பாய்.

அந்த வருடம் உன் விலங்கியல் டீச்சர் வேலை நிரந்தரமாக வேண்டும். இல்லையென்றால் சொந்த ஊரான திருவேங்கடத்துக்குத் திரும்பி, அப்பா பார்த்த மாப்பிள்ளை. எல்லாம் பள்ளி ஆய்வுக்கு வரும் அதிகாரி அம்மாள் கையில். தென்காசிப் பள்ளிகளுக்கு ஆய்வு எப்போதும் சாரல் காலத்தில்தான் வரும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

அம்மாள் ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு வந்தார். தலைமையாசிரியை, நம் பெரிய டீச்சர், உன் காதைக் கடித்தார்:

"இன்னைக்கு ஒருநா மட்டும் மீன நேரா வச்சிரு தாயி. அவுக போனப்புறம் உன் இஷ்டம்."

"வச்சா அது வேற மீனாயிரும் டீச்சர்."

நான் உன் புடவையை இழுத்தேன். "ஏட்டி, வேல போயிரும்."

நீ கேட்கவில்லை.

அம்மாள் சீசாவின் முன் நின்றார். "மீன் தலைகீழா இருக்கே?"

"அது சரியாத்தான் இருக்கும்மா. நாமதான் குனியணும்."

பெரிய டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அம்மாள் உன்னையே பார்த்தார். பிறகு மேசையைப் பிடித்துக் குனிந்து, தலையைக் கவிழ்த்தார். கூந்தலிலிருந்து ஐந்தருவி சொட்டியது. மரியாதைக்காகப் பெரிய டீச்சரும் குனிந்தார். பிறகு நான். பிறகு, விளக்குமாற்றோடு ஆயா.

"வால் எங்கே?" என்றது அம்மாளின் குரல், கீழிருந்து.

நீ காட்டினாய்.

நிமிர்ந்து, கழுத்தைத் தேய்த்தபடியே கையெழுத்திட்டார். வேலை நிரந்தரம். மாப்பிள்ளை வேறிடம் பார்த்துக்கொண்டார்.

நிரந்தரம் நான்கு வருடம் நீடித்தது. பிறகு உனக்கு மஞ்சள் காமாலை.

ஆயா இருக்கிறாள். இன்று காலையும் சீசா மூடிமேல் நின்றது. நான் தமிழ் டீச்சர். உன் பாடத்தில் எனக்குத் தெரிந்தது இந்த ஒரு மீன்தான். திருப்பி வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். தினமும் இதுதான். சம்பளமில்லை.

ஆனால், நிரந்தரம்.