அப்பாவுக்குப் போன அழைப்பு

ஐப்பசி 12, செவ்வாய்.

மனை விற்க, கணினியே என் குரலில் எல்லோரையும் அழைத்துப் பேசுகிறது. அதற்காக எங்கள் கைபேசிகளில் இருந்த எண்களையெல்லாம் அலுவலகத்தில் வாங்கிக்கொண்டார்கள். இன்று காலை அந்த அழைப்புகளின் பதிவைக் கேட்டுச் சரிபார்த்தேன். பாதிப் பேர் வணக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். திருப்பனந்தாளில் தனியாக இருக்கும் அப்பா வைக்கவில்லை.

“வணக்கங்க, நல்லா இருக்கீங்களா?” என்றது என் குரல்.

“இருக்கேம்மா. என்ன இந்த நேரத்துல? ஆபீஸ் இல்லையா?”

“சனிக்கிழமை மனையைப் பார்க்க வண்டி அனுப்பட்டுங்களா?”

“எனக்கு எதுக்கும்மா வண்டி? நீ வந்தாப் போதும்.”

‘அப்பா’ என்ற பெயருக்கு எதிரே கணினி குறித்திருக்கிறது: ‘ஆர்வமுள்ளவர். வெள்ளிக்கிழமை மறுபடி அழைக்க வேண்டும்.’

அதை அழித்துவிடத்தான் போனேன். அழிக்கவில்லை. நான் கூப்பிடாவிட்டாலும் அது கூப்பிடும்.