சிவப்புக் காருக்கு அரை விநாடி

17 ஜூலை, வியாழன். கற்பிட்டி.

காலையில் கடற்கரை வீதியில் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களையும் ஓடவிட்டு, என் மணிக்கூட்டால் நேரம் பார்த்தேன். நூறு கிலோமீற்றர் வேகத்தை எட்ட மகன் றிஸ்வானின் சிவப்புக் காருக்கு ஆறு விநாடி. மருமகன் ஃபாஹிமின் வெள்ளைக்கு ஆறரை. சிவப்புதான் திறம் என்று எல்லோர் முன்னாலும் அடித்துச் சொன்னேன்.

ஃபாஹிம் சிரித்தான். "மாமா, படிக்காத மெக்கானிக் சொன்னாச் சரியா? நாளைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு ரெண்டு பேரும் ஓடிப் பாப்பம்."

றிஸ்வான் உடனே ஓம் என்றுவிட்டான்.

நான் பார்த்தது காற்று எழும்பாத நேரம். இந்த மாதத்தில் அஸருக்குப் பிறகு கச்சான் காற்று மணலை அள்ளி வீதியில் போடும். வெள்ளைக்கு நாலு சக்கரமும் இழுக்கும். சிவப்பைப் பின்சக்கரம் இரண்டும்தான் தள்ளும். அந்த வேகத்தில் மணலில் ஏறினால் சுழன்று போய்விடும். நாற்பது வருடம் கார் திருத்திய எனக்கு இது மாலையில்தான் உறைத்தது.

"ஓட வேணாம் மகன்" என்றேன்.

"அப்ப வெள்ளதான் நல்லம் எண்டு உங்கட வாயால சொல்லுங்க வாப்பா. நான் ஓடல்ல."

படிக்காதவன் என்று சொன்னவன் முன்னால் நான் எப்படித் தோற்பது? றிஸ்வான் எழும்பிப் போய்விட்டான்.

அவன் அறையில் லைற் எரிகிறது. இரண்டு தரம் கதவடிவரை போய்த் திரும்பிவிட்டேன். யா அல்லாஹ், எனக்கு ஒரே மகன்.

எழுத மட்டும் கை வருகிறது. நான் சொன்னது பிழை. மணலில் வெள்ளைதான் நல்லது. இந்தத் தாளைக் கிழித்து அவன் கதவுக்குக் கீழால் தள்ளப் போகிறேன்.

ஃபாஹிமுக்குக் காட்ட வேண்டாம், மகன்.