ஜெயாக்கா வரைந்த தபால்தலை

அன்பு ஜெயாக்கா,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எதையும் கூட்ட மாட்டேன், மறைக்க மாட்டேன். "நீ கதை சொன்னாகூட சாட்சி சொல்ற மாதிரியே இருக்குது மேகலா" என்று சிரிப்பாயே, அப்படியே.

உன் முதல் வருஷப் படையலில், உன் படத்துக்கு முன்னால் அம்மா நீ பெங்களூரு ஹாஸ்டலிலிருந்து எனக்கு அனுப்பிய கடித உறையை வைத்தாள். உண்மையான தபால்தலைக்குப் பக்கத்தில் நீயே வரைந்து ஒன்று ஒட்டியிருந்தாயே, அந்த உறை. பனிக்குள் நிற்கும் நம் தங்கச் சுரங்கத்தின் நந்திதுர்க் ஷாஃப்ட். சுரங்கத்திலிருந்து மேலே ஏறிவரும் கேஜ் கூண்டில் ஆட்கள் இல்லை, நிறைய நட்சத்திரங்கள். ஓரத்தில் சின்ன எழுத்தில் 'இந்தியா'. தபால் முத்திரை இரண்டின் மேலும் விழுந்திருக்கிறது. எந்தக் கனவிலிருந்து எழுந்து இதை வரைந்தாய்?

சாப்பிட வந்த பக்கத்து வீட்டு முனிசாமி மாமா அதைப் பார்த்துவிட்டார். சுரங்கம் மூடியபோது வேலை இழந்தவர் இல்லையா?

"யோவ், இங்க வாங்கய்யா! நம்ம ஷாஃப்ட்டுக்கு சர்க்கார் ஸ்டாம்ப் போட்டுக்கிறான்!"

சுரங்க லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்து குனிந்து பார்த்தார்கள். முத்திரையே விழுந்திருக்கும்போது யார் சந்தேகப்படுவார்கள்? கண்ணாடி போட்டுத் தொழிலாளர் சங்க அறையில் மாட்டலாம் என்றார்கள். மாமாவின் கண்கள் கலங்கியிருந்தன. நீ வரைந்தது என்று சொல்லாமலே உறையை எடுத்து உள்ளே வைத்தேன்.

போலித் தபால்தலை குற்றமாயிற்றே என்ற பயத்தில் வக்கீல் குமாஸ்தாவான நம் சித்தப்பாவிடம் ஓடினேன். நீ போன பிறகு குற்றவியல் சட்டமே மாறிவிட்டது, தெரியுமா?

"பழைய சட்டம் போயிடுச்சே சித்தப்பா, இந்தக் குத்தமும் போயிருக்கும் இல்ல?"

"நம்பர்தான் மாறிச்சி. அப்போ எரநூத்தி அறுபத்திமூணு ஏ, இப்போ நூத்தி எண்பத்தாறு. சர்க்கார் போட்ட மாதிரி தபால்தலை செய்யறதும் குத்தம், சரியான காரணமில்லாம வச்சிக்கறதும் குத்தம். அபராதம் எரநூறு ரூபாக்கு மேல இல்ல. ஆனா உறைய புடிச்சிகினு போனா திரும்பி வராது."

"அக்கா வரைஞ்சது முன்னாடியாச்சே?"

"அவளுக்குப் பழைய சட்டம். செத்தவங்க மேல கேஸும் இல்லம்மா. இப்போ வச்சிக்கிற உனுக்குத்தான் புதுசு."

நீ செய்தது பழைய எண்ணில், நான் வைத்திருப்பது புதிய எண்ணில். உன் பாவாடைகள் எனக்கு வந்ததுபோல உன் குற்றமும் எனக்கு வந்திருக்கிறது. அதை நினைத்தபோது பயத்தோடு கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் அன்று ராத்திரி கனவில் யாரோ கேஜிலிருந்து நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டார்கள். உன் கையால் வரைந்தது இது ஒன்றுதானே என்னிடம் இருக்கிறது? ஒளித்துவிட்டால் உறை தப்பும். ஆனால் மாமா ஒரு பொய்யை நம்பிக்கொண்டே இருப்பார்.

இன்று சாயங்காலம் உறையோடு சங்க அறைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அப்போ சர்க்கார் போடலியா?" என்றார் முனிசாமி மாமா.

"இல்லீங்க மாமா. எங்க அக்கா வரைஞ்சது."

"மைனை மூடினவன் ஸ்டாம்ப் போடுவான்னு நம்பினியே, நீ இன்னா ஆளுய்யா!" என்று அவரைப் பார்த்துச் சொன்னார் சங்கத்து ரத்தினம் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். முனிசாமி மாமா மட்டும் சிரிக்கவில்லை. உறையைக் கையில் வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"சர்க்கார் போட்டிருந்தா நம்மள நெனைக்கறவன் ஒருத்தன் டெல்லியில கீறான்னு அர்த்தம். இப்போ நம்ம லைன்லயே ஒருத்தி நெனைச்சிருக்கா. மாட்டுங்கய்யா! கீழ எழுதும்மா, இது சர்க்கார் போடல, நம்ம பொண்ணு போட்டதுன்னு."

பெரிய எழுத்தில் எழுதினேன். அப்படி எழுதிவிட்டால் ஏமாற்றும் நோக்கம் இல்லையென்று ஆகுமாம். எதற்கும் வக்கீலைக் கேட்டுவிடுகிறேன் என்றார் சித்தப்பா.

அக்கா, இனி யார் வந்து கேட்டாலும் ஒளிக்க மாட்டேன். வரைந்தது ஜெயா, வைத்திருப்பது மேகலா என்று நிமிர்ந்து சொல்வேன். இது என் வாக்கு.

எல்லோரும் போன பிறகு சங்க அறை மேசையிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முனிசாமி மாமா மட்டும் வாசலில் எனக்காகக் காத்திருக்கிறார். சுவரில் இருக்கும் உன் ஷாஃப்ட்டை இன்னொரு முறை பார்த்துவிட்டு, என் மேசைக்கு மேலே உள்ளதை மட்டும் விட்டு மற்ற விளக்குகளை அணைக்கிறார்.

உன் குற்றத்துக்கும் வாரிசான தங்கச்சி,
மேகலா