வேட்டைப் படையின் வரலாற்றை அச்சுக்கோத்தவள்

8 பிப்ரவரி 1962

கர்னல் ரோமிங்கர் இன்று அச்சகத்துக்கு வந்தார். கக்கத்தில் ஒரு பெரிய காகிதக் கட்டு. மேசைமேல் வைத்துவிட்டு, குழந்தையைத் தட்டுவதுபோல அதைத் தட்டிக்கொடுத்தார்.

"அம்மணி, இதுதான் நம்ம டிவிஷனோட போர் வரலாறு. செப்டம்பர்ல முன்னாள் வீரர் மாநாடு. அதுக்குள்ள புத்தகமா வேணும்."

நம்ம டிவிஷன். என் கணவர் ஆல்வின் அதில்தான் போனார், அதில்தான் நாற்பத்துநாலில் ஹங்கேரியில் செத்தார். ஆகவே எனக்கும் அது நம்ம டிவிஷன்தான் போலிருக்கிறது.

"ஒரு வீரனோட மனைவி கையால அச்சாகணும். அதுல ஒரு பொருத்தம் இருக்கு" என்றார். அந்தப் பொருத்தத்துக்காகத் தள்ளுபடியும் கேட்டார்.

20 பிப்ரவரி

மூன்று அத்தியாயம் கோத்தாயிற்று. பதினேழு வருஷம் விதவையாக இருந்தும் எனக்குத் தெரியாத விஷயம்: ஜெர்மன் ராணுவத்தில் இலகு காலாட்படை என்றால் என்ன? லாரி கிடையாது, பெரிய பீரங்கி கிடையாது. எல்லாவற்றையும் கோவேறு கழுதையும் மனிதனும் முதுகில் சுமக்க வேண்டும். அதனால் 'இலகு'. நாற்பத்திரண்டில் மேலிடத்தில் லாரி கேட்டிருக்கிறார்கள். 'வேட்டையர்' என்று கௌரவப் பெயர் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

3 மார்ச்

கர்னலின் எழுத்தில் யாரும் பின்வாங்குவதில்லை. 'போர்முனையைச் சுருக்கினோம்' என்கிறார். காகஸஸில் தொடங்கி, சுருக்கிச் சுருக்கி ஆஸ்திரியா வரைக்கும் வந்துவிட்டார்கள். முந்நூறு பக்கத்தில் ஒரு தோல்விகூட இல்லை. போர் எப்படி முடிந்தது என்பதுதான் விளங்கவில்லை.

தினமும் யாராவது பழைய வீரர் எட்டிப் பார்க்கிறார். இன்று ரொட்டிக்கடை க்னாப். "என் பேர் எத்தனை பக்கத்துல வருது?" "ரெண்டு." "தபால்காரன் பேரு?" "மூணு." பன் கொண்டு வந்திருந்தார், கொடுக்காமலே திரும்பிப் போய்விட்டார்.

14 மார்ச்

கிரேக்க அத்தியாயம். அப்படியே எழுதி வைக்கிறேன்:

'மெலிசோவா கிராமம் கடும் சண்டைக்குப்பின் கைப்பற்றப்பட்டது. எதிரிகள் நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். நம் தரப்பில் இழப்பு இல்லை. கைப்பற்றியவை: வேட்டைத் துப்பாக்கி இரண்டு, ஆட்டுமந்தை ஒன்று. ஏழாம் கம்பெனி சிறப்பாகச் செயல்பட்டது.'

கர்னலுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "கடும் சண்டைங்கறீங்க. நம்ம ஆள் ஒருத்தருக்குக்கூடக் காயமில்லையா?"

"அதுக்குப் பேர்தான் தலைமைத் திறமை."

"நூறு பேர் ரெண்டு துப்பாக்கியை வச்சுக்கிட்டா கடும் சண்டை போட்டாங்க?"

"அம்மணி, ராணுவ மொழி வேற, வீட்டு மொழி வேற. நீங்க எழுத்தை மட்டும் பாருங்க."

எழுத்தைத்தானே பார்க்கிறேன். ஏழாம் கம்பெனி ஆல்வினுடையது. அந்த இலையுதிர் காலத்தில்தான் கிரேக்கத்திலிருந்து ஒரு கம்பளி அனுப்பினார். வெள்ளை, ஓரத்தில் சிவப்புக் கட்டம். 'சந்தையில் மலிவாகக் கிடைத்தது' என்றார். பத்தொன்பது குளிர்காலமாக அதைத்தான் போர்த்துகிறேன்.

29 மார்ச்

வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிறேன், பேச்சோடு பேச்சாக. மெலிசோவாவில் நீங்கள் இருந்தீர்களா? இருந்தார்கள். என்ன செய்தீர்கள்?

க்னாப்: "நான் கழுதையைப் பிடிச்சிக்கிட்டு நின்னேன்." தபால்காரர்: "கழுதைங்க மிரண்டுச்சு, நான் அதைப் பார்த்துக்கிட்டேன்." மரக்கடைக்காரர்: "கழுதை." கர்னலுக்கு அன்று காய்ச்சல்.

இலகு காலாட்படையில் இவ்வளவு கழுதைகளா? ஆளுக்கொன்று பிடித்துக்கொண்டிருந்தால் சுட்டது யார், கழுதைகளா?

11 ஏப்ரல்

சுற்றறிக்கை அச்சடிக்கக் கொடுத்தார்கள். 'நம் தடங்களில் மீண்டும்! கிரேக்கத்துக்குப் பேருந்துப் பயணம், மனைவியருடன். கடல் குளியல் உண்டு.' கர்னல் என்னையும் அழைத்தார். புத்தகத்துக்குப் படம் எடுக்க வேண்டுமாம்.

போகப்போகிறேன். ஏன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஆனாலும் போகப்போகிறேன்.

19 மே, யானினா, கிரேக்கம்

பேருந்தில் வழியெல்லாம் பாட்டு. மலை ஏற ஏற வயது இறங்குகிறது இவர்களுக்கு. "இந்த வளைவுல நாம நடந்தே ஏறினோம், தெரியுமாடி?" என்று க்னாப் தன் மனைவியிடம். அவள், "அதான் இப்ப மூணாவது மாடி ஏற முடியல" என்றாள்.

கடைசி இருக்கையில் க்ஸாவர் பாய்ட்லர். பண்ணைக்காரர், மனைவியை இழந்தவர், தனியாக வந்திருக்கிறார். உண்மையிலேயே கழுதை ஓட்டுநராக இருந்தவர் இவர் ஒருவர்தான். பாடுவதில்லை.

வழிகாட்டி இந்த ஊர்ப் பையன், அரிஸ்டிடிஸ். ஸ்டுட்கார்ட் தொழிற்சாலையில் இரண்டு வருஷம் வேலை பார்த்ததில் நம் பாஷை நன்றாக வருகிறது. வசவு இன்னும் நன்றாக வருகிறது.

21 மே

மெலிசோவா.

புது வீடுகள். ஓட்டுக்கூரைகூடப் புதிது. மலைக்கிராமத்தில் பழைய வீடு ஒன்றுகூட இல்லை. "சுத்தமான ஊர்" என்றாள் க்னாபின் மனைவி.

சதுக்கத்தில் பளிங்குக்கல், நிறையப் பெயர்கள். கர்னல் நிமிர்ந்து நின்றார். "நாப்பதுல இத்தாலிக்காரனோட போரிட்டு விழுந்தவங்க. வீரனை வீரன்தான் மதிக்கணும்." டிவிஷனின் பச்சை நாடா கட்டிய மலர்வளையத்தைக் கல்லடியில் வைத்து வணக்கம் செலுத்தினார். "எடுங்க அம்மணி, எடுங்க!"

எடுத்தேன். லென்ஸ் வழியாகத்தான் முதலில் பார்த்தேன். கிரேக்க எழுத்து எனக்குத் தெரியாது, எண் தெரியுமே. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் இரண்டு எண். 1871 – 1943. 1909 – 1943. 1937 – 1943. 1942 – 1943.

1942 – 1943.

அரிஸ்டிடிஸ் என்னைப் பார்த்தான். நான் கேமராவைப் பார்த்தேன்.

காப்பிக்கடைக்காரி கலியோப்பி. என் வயதுதான் இருக்கும், கறுப்புடை. ஆளுக்கொரு தட்டில் ஒரு கரண்டி செர்ரிப்பழப் பாகும் ஒரு குவளைத் தண்ணீரும். இங்கே எந்த விருந்தாளிக்கும் அப்படித்தானாம். எல்லோரும் ஆஹா என்றார்கள். அவள் ஏதோ கேட்டாள்.

"ஏன் வந்திருக்கீங்கன்னு கேக்கறாங்க" என்றான் அரிஸ்டிடிஸ்.

கர்னல் நெஞ்சில் கைவைத்தார். "அழகான ஊர்னு சொல்லு. இளமையில பார்த்தோம், மனசுலேயே நின்னுடுச்சுன்னு சொல்லு."

சொன்னான். அவள் சுருக்கமாகப் பதில் சொன்னாள். இவன் மொழிபெயர்க்காமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன சொல்றாங்க?" நான்தான் கேட்டேன்.

"கரண்டியையெல்லாம் மறக்காம திருப்பிக் கொடுக்கச் சொல்றாங்க." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டான். "போன தடவை நீங்க வந்தப்ப ஒண்ணுகூடத் திரும்பி வரலையாம்."

மனைவிமார்கள் சிரித்தார்கள், நகைச்சுவை என்று. கணவன்மார்கள் சிரிக்கவில்லை. கரண்டிகள் ஒவ்வொன்றாகத் தட்டில் விழும் சத்தம்.

எல்லோரும் பேருந்துக்குப் போனபின் நின்று கேட்டேன்: இங்கே சண்டை நடந்ததா?

அவள் அரிஸ்டிடிஸிடம் சொன்னதை அவன் சொன்னபடியே: "யாரோட சண்டை? துப்பாக்கி வச்சிருந்த ஆம்பளைங்க மலைமேல இருந்தாங்க. கீழ இருந்தது நாங்க, கிழவங்க, குழந்தைங்க. நான் கிணத்துல இருந்தேன், அதனால இருக்கேன்."

உள்ளே தறியில் பாதி நெய்த கம்பளி ஒன்று. வெள்ளை. ஓரத்தில் சிவப்புக் கட்டம்.

22 மே

மத்தியானம் ஓர் ஆற்றங்கரையில் பேருந்தை நிறுத்தினார்கள். மற்றவர்கள் காலை நனைத்துக்கொண்டிருந்தார்கள். பாய்ட்லர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நேற்று அவர் பேருந்தைவிட்டு இறங்கவே இல்லை.

"எல்லார்கிட்டயும் கேட்டீங்களாமே. என்னை மட்டும் ஏம்மா கேக்கல?"

"நீங்கதான் நிஜமாவே கழுதை பிடிச்சிருப்பீங்களேன்னு."

தலையை ஆட்டினார். "அன்னைக்குக் கழுதைங்க கீழ ஆத்துப்பக்கம் கட்டிக் கிடந்துச்சு. ஒருத்தனும் பிடிக்கல. நானும் பிடிக்கல."

கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன். "ஆல்வின்?"

"எனக்கு ரெண்டு ஆள் தள்ளி நின்னான்மா."

4 ஜூன்

ரெண்டு ஆள் தள்ளி. நான் என்ன பண்ணணும் இதை வச்சுக்கிட்டு? செத்தவரோட சண்டை போட முடியுமா? 'சந்தையில மலிவா' — எந்தச் சந்தை, ஆல்வின்? யார் வித்தாங்க உங்களுக்கு? நான் பதினெட்டு வருஷம் அதுக்கடியில படுத்து உங்களை நினைச்சு அழுதிருக்கேனே, ஐயோ —

படம் கழுவி வந்தது. கர்னல் மிக நன்றாக விழுந்திருக்கிறார்.

18 ஜூன்

கம்பளியைத் துவைத்து, பொட்டலம் கட்டித் தபாலாபீசுக்குக் கொண்டுபோனேன். முகவரி: கலியோப்பி, காப்பிக்கடை, மெலிசோவா. தபால்காரர் படிவத்தை நிரப்பினார். டிவிஷனின் மூன்று பக்கப் புகழ் பெற்ற அதே தபால்காரர்.

"பரிசா?"

"இல்லை."

"விற்பனையா?"

"இல்லை."

"அப்ப என்னன்னு எழுத?"

"உரியவருக்குத் திருப்பி அனுப்புவதுன்னு எழுதுங்க."

எழுதினார். ஊர்ப் பெயரைப் படித்தார். முத்திரை குத்தும்போது கை தவறி மேசையில் குத்திவிட்டார்.

12 ஜூலை

கர்னல் மெய்ப்பு பார்த்துத் தந்தார். ஒரே ஒரு திருத்தம்: அவருடைய பதக்கத்தின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. கடைசிப் பக்கத்தில் 'அச்சிடலாம்' என்று கையெழுத்து.

மெலிசோவா பற்றி இன்னொரு தடவை பேசிப் பார்த்தேன். "அங்க குழந்தைங்க செத்திருக்காங்க, கர்னல். கல்லுல இருக்கு." அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அம்மணி, உங்க ஆல்வின் பேரும் அந்தக் கம்பெனியில இருக்கு. அவரைக் காப்பாத்தத்தான் நான் அப்படி எழுதியிருக்கேன்" என்று அன்போடு சொன்னார்.

3 ஆகஸ்ட்

எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் பெயர் அகராதி முடிந்தது. புத்தகத்திலேயே கடினமான வேலை அதுதான்.

பிறகு மெலிசோவா வரும் 212-ஆம் பக்கத்தின் ஈய எழுத்துகளை மறுபடி மேசைக்கு எடுத்தேன். ஐந்து வரியைக் கலைத்தேன். ஐந்தே வரியில் கோக்க வேண்டும். ஒரு வரி கூடினாலும் அத்தியாயம் முழுக்கத் தள்ளிப்போகும். கோத்தேன்:

'மெலிசோவாவில் சண்டை நடக்கவில்லை. ஏழாம் கம்பெனி அங்கிருந்த பெண்களையும் முதியவர்களையும் குழந்தைகளையும் வரிசையில் நின்று சுட்டது, வீடுகளைக் கொளுத்தியது, கம்பளிகளையும் கரண்டிகளையும் எடுத்துச்சென்றது.'

அகராதியில் ஒரு பெயரைச் சேர்த்தேன். ஹேபர்லே, ஆல்வின் — 212. புத்தகத்தில் வேறெங்கும் அவர் வருவதில்லை.

அச்சகம் போகும். போகட்டும். வழக்கு வரும். வரட்டும். வரி நேராகத்தான் விழுந்திருக்கிறது.

15 செப்டம்பர்

மாநாடு. மண்டபம் நிறையப் பச்சை நாடா. புத்தகம் எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது. நான் கதவருகே நின்றேன், கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

எல்லோரும் புத்தகத்தைப் பின்பக்கமிருந்து திறந்தார்கள். அகராதியில் விரலை ஓட்டி, தன் பெயரைத் தேடி, அந்தப் பக்கத்தைப் பார்த்து, மனைவிக்குக் காட்டி, மூடினார்கள். பிறகு பக்கத்து ஆளின் பெயர் எத்தனை இடத்தில் என்று எண்ணினார்கள். பிறகு பீர்.

9 அக்டோபர்

ஒன்றுமில்லை. பாதிரியார் மட்டும் பாராட்டினார். பைண்டிங் அருமையாம்.

27 அக்டோபர்

ஒன்றுமில்லை.

கத்துவார்கள், கல்லெறிவார்கள் என்று நினைத்திருந்தேன். இப்படி ஒரு தண்டனையை எதிர்பார்க்கவில்லை.

17 நவம்பர்

பாய்ட்லர் வந்தார். இன்னொரு பிரதி வேண்டும் என்றார்.

"ஒண்ணு இருக்கே உங்ககிட்ட?"

"அது மக எடுத்துக்கிட்டா. பள்ளிக்கூடத்துல வாத்தியாரம்மாவா இருக்கா. போர்ல என்ன பண்ணீங்கன்னு ரொம்ப வருஷமாக் கேட்டுக்கிட்டிருந்தா. எனக்கு வாய் வராது. இருநூத்திப் பன்னெண்டு, படின்னேன்."

"படிச்சாங்களா?"

"ம். ஒரு வாரம் என்கூடப் பேசல. நேத்து வந்தா. சமையலறையில உட்கார்ந்து, இப்ப நீங்களே சொல்லுங்கன்னா. சொன்னேன்." தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். "என் பேரு அகராதியில இல்லம்மா. நான் வரிசையில நின்னவன்தானே. அடுத்த தடவை போட்டுடுங்க."

அடுத்த தடவை என்று ஒன்று இருக்காது என்றேன்.

14 ஜனவரி 1963

கர்னல் வந்தார், கையில் ஆர்க்கிட் பூ. முதல் பதிப்பு தீர்ந்துவிட்டது. ராணுவக் கல்லூரியிலிருந்து கேட்கிறார்களாம், நகர நூலகம் கேட்கிறதாம், பள்ளிகளுக்கும் அனுப்பப் போகிறாராம். இரண்டாம் பதிப்பு, முதல் பதிப்பைப்போல இரண்டு மடங்கு.

"ஏதாவது திருத்தணுமா, கர்னல்?"

"எதுக்கு? அகராதியில விட்டுப்போன பேர் இருந்தா மட்டும் சேர்த்துக்குங்க. மத்தபடி ஒரு எழுத்துகூட மாறக்கூடாது, அம்மணி. வரலாறுன்னா அப்படியே நிக்கணும்."

மாறாது என்று வாக்குக் கொடுத்தேன். கைகுலுக்கிக்கொண்டோம்.